நாங்கள் செய்த எக்ஸ்ரே ஜெனரேட்டர்

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நானும் என் கணவரும் எக்ஸ்ரே எந்திரங்களுக்கான உயர் மின்னழுத்த ஜெனரேட்டர் செய்தோம். இருவரும் ஒரே கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர்கள். சென்னை வேலையை விட்டுவிட்டு அவருடைய ஊருக்கு வந்திருந்தோம்.

பழைய எக்ஸ்ரே எந்திரங்களின் டிரான்ஸ்பார்மரைத் தூக்க நாலு பேர் வேண்டும். நாங்கள் செய்தது சிறியது. அதில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை ஊஞ்சல் போல ஆட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடும்போது டிரான்சிஸ்டர்கள் திறந்து மூட வேண்டும். நேரம் தப்பினால் வெடித்துவிடும். அந்த நேரத்தைக் கணித்துச் சொல்லும் போர்டு என் வேலை. எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அவர் வேலை. எத்தனையோ டிரான்சிஸ்டர்களை வெடிக்கவிட்ட பிறகுதான் அது ஒழுங்காக ஓடியது.

சோதனைகள் முடிந்து அனுமதியும் கிடைத்ததும், பஸ் ஸ்டாண்டு அருகே எக்ஸ்ரே நிலையம் நடத்திய பாய் ஒருவர் எங்களை நம்பி அதை வாங்கி மாட்டினார். ஆட்கள் வந்து படம் எடுத்துப் போவதை என் கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தக் கோடையில் அவருக்கு இருமல் வந்தது. காற்றில் கரிசல் புழுதி பறக்கிறது, அதனால்தான் என்று தள்ளிப்போட்டார். பாய்தான் விடாமல் இழுத்துக்கொண்டு போய் எங்கள் ஜெனரேட்டரிலேயே நெஞ்சுப் படம் எடுக்க வைத்தார். திரையில் படம் வந்ததும் என் கணவர் குனிந்து விலா எலும்புகளின் ஓரத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, துளிக்கூட மங்கல பாத்தியா" என்றார்.

படம் தெளிவாக விழுந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நான் வலது பக்கம் தெரிந்த வெள்ளைத் திட்டையே பார்த்தேன். பாயும் அதைத்தான் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சுணங்காம திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க தங்கச்சி. எனக்கு இது நல்லதாப் படல" என்றார்.

போனோம். நுரையீரலில் புற்று என்று மருந்து ஏற்றினார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, அடுத்த ஜெனரேட்டருக்குத் தொட்டி இன்னும் சின்னதாக இருக்கலாம் என்று பேசினார். நான் தலையாட்டினேன். மழைக்காலம் தொடங்கும் முன் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் பாயின் எந்திரம் நின்றுபோனது. என்னிடம் சொல்லவே அவர் தயங்கினாராம். தொட்டிக்குள் கம்பிச் சுற்றுகளுக்கு இடையே வைத்த மின்காப்புத் தாள் பொத்தலாகி மின்பொறி பாய்ந்திருந்தது. டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றினேன். மாட்டி ஓட்டியதும் உள்ளே வெடித்தது. மறுபடி சுற்றினேன். அதுவும் தாங்கவில்லை. என் கணவர் எந்தத் தாளை எந்த அடுக்கில் வைப்பார், எண்ணெயை எவ்வளவு நேரம் காய்ச்சி ஈரம் போக்குவார் என்று பக்கத்திலேயே இருந்தும் நான் கவனித்ததில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். கேட்க வேண்டிய அவசியம் வரும் என்று தோன்றவே இல்லை.

படம் எடுக்க வந்தவர்களை பாய் வேறு இடத்துக்கு அனுப்பிக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் ஒருநாள், "உங்களச் சொல்லிக் குத்தமில்ல தங்கச்சி. வெளிய ஒரு மெஷினுக்குச் சொல்லிட்டேன்" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஜெனரேட்டரை நானே கழற்றி இடத்தைக் காலி செய்து கொடுத்தேன்.

புது எந்திரம் வந்த அன்று பாய் கூப்பிட்டார். நான் போகவில்லை. அதன் பிறகு சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்ததில்லை. வீட்டில் மிக்சி நின்றுபோனால்கூட கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.