சேறு படாத மாடுகள்

கையைக் கழுவித் துடைத்து, மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கொண்டுதான் ஸ்ரீஸ்கந்தராசா அந்தத் தட்டையான பெட்டியைத் திறப்பார். உள்ளே ஐரோப்பியக் குடியானவர்கள்: வைக்கோல் ஏற்றுகிறவன், ஆடு மேய்க்கிறவள், மரத்தடியில் குழல் ஊதுகிறவன். இருநூறு வருடங்களுக்கு முன் செப்புத் தகட்டில் கீறி, மை பூசி, தாளில் அழுத்தி எடுத்த படங்கள். பழைய சாமான் சந்தைகளில் தேடிப் பிடித்தவை.

கனடாவில், ஸ்காபரோவில் வீடு விற்றுக் கொடுப்பது தொழில். அந்த நாக்கு இங்கேயும் ஓயாது. கூரை சரிந்த குடிசையைக் காட்டி, "நல்ல பெரிய காணி. கூரையை மட்டும் மாத்தினால் காணும்" என்பார். விருந்தாளிகள் வடையைக் கீழே வைத்தால்தான் படம் கிட்ட வரும்.

மனைவி பேபி வட்டக்கச்சிக் கிராமத்தில் மாடுகளோடு வளர்ந்தவர்.

"ஒருத்தன்ர காலிலயும் சேறில்லை. உவங்கள் வயலுக்குப் போனவங்களோ, கலியாணத்துக்குப் போனவங்களோ?"

"அந்தக் காலத்து ஆக்கள் கிராமத்தைக் கனவு மாதிரித்தானப்பா கீறுவினம்."

"ஓம், உங்களைப் போல ஆக்கள். நேரில மாட்டைக் கண்டால் மதிலில ஏறுவினம்."

யாழ்ப்பாண நகரில் பிறந்த ஸ்ரீஸ்கந்தராசா இதை மறுத்ததில்லை.

அச்சுப்படச் சங்கத்தின் கண்காட்சிகளுக்கு வருடா வருடம் வேடிக்கை பார்க்கவே போய்வந்தவரிடம், இந்த முறைதான் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். ஓடையில் தண்ணீர் குடிக்கும் இரண்டு பசுக்களைத் தெரிந்தெடுத்து, கண்ணாடி போடச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்று மாடுகளுக்கான பட்டிப்பொங்கல். மார்க்கம் நகரத்து வீட்டில் பட்டி ஏது? பேபி கலண்டர் மாட்டுக்குப் பொட்டு வைத்துத்தான் சமாளிப்பார். இந்த வருடம் மேசையிலேயே பசு நின்றது.

ஸ்ரீஸ்கந்தராசா குளித்துவிட்டு வந்தபோது, முன்னால் நின்ற பசுவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஈரத்தோடு தாளில் ஊறிக்கொண்டிருந்தன.

"என்ன வேலையப்பா செய்தனீர்?"

"நல்ல நாளில வெறும் நெத்தியோட நிண்டுது..." பேபியின் குரல் இறங்கியது. "அழியாதோ?"

"அழியாது."

பொட்டு காய்ந்த பிறகு, படத்தை எடுத்துப்போகச் சங்கச் செயலாளர் மாக்கஸ் வந்தார். பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, நிறம் அந்தக் காலத்திலேயே கையால் தீட்டியதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்படித் தீட்டுவதும் அன்று உண்டு. தலையாட்டியிருந்தால் படம் சுவரேறியிருக்கும். தண்ணீர் ஊறும் நிலவறையையும் 'குளிர்ச்சியான அறை' என்று விற்கத் தெரிந்தவர்தான் ஸ்ரீஸ்கந்தராசா. ஆனாலும், "இன்று காலை என் மனைவி வைத்தது. எங்கள் மாட்டுத் திருநாள்" என்றார். மாக்கஸ் வருத்தம் சொல்லி, வெறுங்கையோடு விடைபெற்றார்.

"ஓமெண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் பேபி, சமையலறை வாசலில் நின்றபடி.

ஸ்ரீஸ்கந்தராசா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, குனிந்து, பின்னால் நின்ற பசுவின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.