கோட்டை முற்றத்து மரம்

அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலைக்குள், ஒரு காலத்தில் எல்லைக்குக் காவல் நின்ற கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. மிஞ்சியது பாதிக் கோபுரமும் மூன்று சுவர்களும்தான். பட்டாளம் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. இப்போது அதற்குத் தளபதி, சிப்பாய், சமையல்காரர் எல்லாமே கமுதிப் பக்கத்துக் கார்மேகம்தான். வாட்ச்மேன் வேலை. குவாரித் தூசியில் இருமிக் கிடந்த மனிதருக்கு இந்தக் காற்றும், 'யல்லா யல்லா' என்று விரட்ட ஆளில்லாத நிம்மதியும் சொர்க்கமாக இருந்தன.

அந்தச் சொர்க்கத்துக்குத் தன் கையாலேயே வேட்டு வைத்துக்கொண்டார்.

கோட்டைக்குப் பொறுப்பான அதிகாரி பார்வையிட வருகிறார், முற்றத்தைச் சுத்தமாக வை என்று சூப்பர்வைசர் லுக்மான் போனில் சொல்லியிருந்தார். முற்றத்து நடுவே ஒரு முள்மரம். கமுதிக்காரர் கண்ணுக்கு அது அசல் சீமைக்கருவேலம். ஊர்க் கண்மாயைத் தின்ற சனியனை இங்கே மட்டும் விட்டுவைப்பாரா? மூச்சுவிடாமல் வெட்டிச் சாய்த்தார். வேரைத் தோண்டக் கடப்பாரை தேடும்போது லுக்மான் வந்து இறங்கினார்.

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க! இது காஃப் மரம்யா, இந்த நாட்டு மரம். வெட்டுனா கேஸு!"

"கருவேலம்னுல்ல பாய் நெனச்சேன்..."

"அதிகாரி கேட்டா காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிருவோம். வாயத் தொறக்காத."

மறுபடி குவாரியா, இல்லை ஒரேயடியாக ஊருக்கா? ஆனால் வந்து இறங்கிய வயதான அரபு அதிகாரி வெட்டுப்பட்ட அடிமரத்தைத் தடவிப் பார்த்தபோது கார்மேகத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான் வெட்டுனேன்னு சொல்லுங்க பாய். எங்க ஊரக் கெடுத்த மரம்னு நெனச்சுட்டேன்னும் சொல்லுங்க."

லுக்மான் தலையிலடித்துக்கொண்டு அரபியில் சொன்னார். அதிகாரி பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை. நெடுநேரம் ஏதோ பேசினார்.

"என்ன பாய், ஊருக்கு டிக்கெட்டா?"

"வேரு உசுரோட இருக்காம். வெட்டுனவனே தண்ணி ஊத்தி வளக்கணுமாம். பழைய ஒசரம் வர்ற வரைக்கும் ஒன்னைய இங்கேருந்து மாத்தக் கூடாதாம். தண்டனையாம்!"

கார்மேகம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். ஊரிலிருந்து மனைவி சரோஜா போனில் அடக்கவேயில்லை. "முள்ளு மரத்துக்குத் தண்ணி ஊத்துற மொத கமுதிக்காரரு நீங்கதான்!"

சில வாரத்தில் துளிர் விட்டது. பார்த்ததும் சந்தோஷம், கூடவே லேசான கலக்கம். வாளியைப் பாதி சாய்த்தவர் நிறுத்தினார்.

"அவசரமே இல்ல தாயி. நிதானமா வளரு."

பிறகு மனசு கேட்காமல் மீதியையும் ஊற்றினார்.