வெளிநாட்டுக்காரர் பணம்

எழுபதுகளின் நடுவில் மியூனிக்கில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பெண், தன் நாட்டுத் தேர்தலில் நின்ற ஒரு வேட்பாளருக்கு நிதி திரட்டத் தன் வாடகை வீட்டில் விருந்து வைத்தார். நானும் இருபது ஜெர்மன் மார்க் நோட்டை எடுத்து உண்டியலில் போடப் போனேன். அவர் தடுத்துவிட்டார்.

"வேண்டாம். வெளிநாட்டுக்காரங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு எங்க சட்டம் சொல்லுது."

"இங்கே நீங்களும் வெளிநாட்டுக்காரர்தானே?" என்றேன், சற்றுக் கோபமாகவே.

"இங்கேதான். ஆனா நான் ஓட்டுப் போடுறது அங்கே."

அந்த வீட்டின் சொந்தக்காரரான ஜெர்மானியக் கிழவரும் நோட்டை நீட்டினார். அவருக்கும் அதே பதில்தான். "என் வீட்டுக்குள்ளேயே நான் வெளிநாட்டுக்காரனா?" என்று அவர் வாய்விட்டுச் சிரித்ததும் என் வருத்தம் போய்விட்டது. இருவரும் உருளைக்கிழங்கு சாலட்டை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தோம்.