நைனாவும் பதிமூன்றாம் வாய்ப்பாடும்

என் நைனா ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். பழுக்கக் காய்ந்த இரும்புக்கு அஞ்சாதவர், ஊசிக்கு அஞ்சினார். எனக்கு எட்டு வயதானபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். தினம் ஓர் ஊசி வீதம் மூன்று மாதம் போடவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

முதல் நாள் போட்டுக்கொண்டார். அடுத்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பி, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டு, இடுப்பைத் தடவிக்கொண்டே வீடு திரும்பினார். நர்சம்மா ஆளனுப்பி விசாரித்தபோது குட்டு உடைந்தது. அம்மா சண்டை போடவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நைனா கூட நீ போ. ஓடப் பாத்துச்சின்னா அங்கியே நின்னு கத்து" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்சம்மா கொதிநீரிலிருந்து ஊசியை இடுக்கியால் எடுத்ததுமே நைனாவின் முகம் வெளுத்தது.

"இன்னாம்மா, நேத்து ஊசிய விட பெருசா கீதே?"

"நேத்து நீங்க எங்க வந்தீங்க?"

ஊசி இடுப்புக்குக் கீழே என்பதால் நடுவில் துணித்திரை. அந்தப் பக்கம் நைனா படுத்திருந்தார். இந்தப் பக்கம் நான், திரைக்கு வெளியே நீண்டிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயத்தில் அவர் உடம்பை இறுக்க, ஊசி இறங்க மறுத்தது. எனக்கோ என் கவலை. அன்று வகுப்பில் பதிமூன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கவேண்டும். வாய்க்குள் முணுமுணுத்தது நர்சம்மா காதில் விழுந்துவிட்டது.

"அதை உங்கப்பாகிட்ட கேளு, பார்ப்போம்."

"நைனா, பதிமூணு ஏழு எவ்ளோ?"

நைனா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். "அஞ்சுன்னா அறுவத்தஞ்சு... இரும்மா, அவசரப்படாத... எழுவத்தெட்டு..."

"ஆச்சு, எழுந்திரிங்க" என்றார் நர்சம்மா.

"இன்னாது, ஆச்சா?"

அன்றிலிருந்து தினமும் காலையில் கணக்குக் கேட்பது என் உத்தியோகமாயிற்று. மூன்றாவது வாரம் ஒரு விபரீதம். பட்டறையில் யாரிடமோ பாடம் கேட்டு வந்திருந்த நைனா, "பதிமூணு எட்டு?" என்று நான் வாய் மூடுமுன் "நூத்தி நாலு!" என்று முழங்கினார். யோசிக்க ஒன்றுமில்லாமல் போன அதே நொடியில் ஊசி இறங்கியது. அவர் போட்ட அலறலில், வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

"நாளையிலேர்ந்து கஷ்டமாக் கேளு" என்றார் நர்சம்மா என்னிடம், ரகசியமாக.

கஷ்டமாகக் கேட்க முதலில் எனக்குத் தெரிந்திருக்கவேண்டுமே! பதினேழாம் வாய்ப்பாட்டை உருப்போட்டேன். அதையும் நைனா பிடித்துவிட்டதும் பத்தொன்பதுக்குத் தாவினேன். வகுப்பில் யாருமே பதினாறைத் தாண்டியிருக்கவில்லை; வாத்தியார் என்னைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்கினார்.

மூன்று மாதம் முடிந்த அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நைனாவின் தோளில் தட்டி, "இனிமே ஊசி வேணாம்" என்றார். நர்சம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஏமாற்றம். பத்தொன்பதில் பாதி பாக்கி இருந்தது.

வீட்டில் அம்மா செய்தியைக் கேட்டாள். மூன்று மாதமாகத் தனியாக வெந்நீரில் கழுவித் தனியாக வைத்திருந்த நைனாவின் தட்டை எடுத்துவந்து, எங்கள் தட்டுகளோடு போட்டு, சோறு பரிமாறினாள். பரிமாறிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நான் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். "அழாதம்மா. மீதி வாய்ப்பாட்ட ஊட்லயே சொல்லிக் குடுத்துடலாம்."

அம்மா அழுகையை நிறுத்தாமலே சிரித்தாள். பெரியவர்களுக்கு வாய்ப்பாட்டின்மேல் இத்தனை பிரியம் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.