பன்னிரண்டாவது பெயர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரியுங்கள், நானும் உங்களைப் போலத்தான். ஆவி, பேய் என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணீர் வைக்கும் சாட்டில் எழுந்து போய்விடுகிற ஆள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், ஏழு வருடம் தட்டச்சு செய்தவளுக்குத் தாளில் இருப்பதுதான் உண்மை.

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்துக்கு வந்தோம். என் கணவருக்கு அங்கே விரி என்ற பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் கிடைத்தது, ஹென்டர்சன் பகுதியில் ஹார்ப்பர் என்ற தனிக்கிழவரின் வீட்டில். இங்கிலாந்தின் வடக்கே தான் பிறந்த சின்ன ஆலை நகரத்தின் வரலாற்றை அவர் கையால் எழுதி முடித்திருந்தார். அதைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், நான் அந்த ஊரோடு ஒட்டிப்போய்விட்டேன். கால்வாய் வெட்டியது, பருத்தி ஆலை வந்தது, காயப்போட்ட துணி புகைபோக்கிக் கரியில் மறுபடி கறுத்தது, தறிச் சத்தத்தில் காது கேளாத பெண்கள் உதட்டைப் பார்த்தே கதைத்துக்கொண்டது. வெளியே மழை, உள்ளே ஹீட்டர், நேரத்துக்கு நேரம் அவர் கொண்டுவந்து வைக்கும் தேநீர். நல்ல நாட்கள் அவை.

ஒரு புதன்கிழமை காலை, ஆலையின் கொதிகலன் வெடித்த அத்தியாயம் வந்தது. செத்தவர்கள் பதினொரு பேர். ஊர் நினைவுக்கல்லில் இருந்தபடியே பெயர்களை எழுதியிருந்தார். அடித்து அவரிடம் நீட்டிவிட்டு அடுத்த தாளைச் செருகி அடிக்கத் தொடங்கினேன்.

வாசித்துக்கொண்டு வந்தவர் முகம் சிவந்து நின்றார். "என் அம்மாவின் கடிதங்களை எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளைக் காட்டினார். பதினொரு பெயருக்குக் கீழே இன்னொன்று: எடித், வயது பத்தொன்பது, தறி வேலை. அவருடைய கையெழுத்துப் பிரதியில் பதினொன்றுதான் இருந்தது.

எடித் அவருடைய தாயின் அக்கா. காய்ச்சலில் கிடந்த சிநேகிதிக்குப் பதிலாக அன்று ஒருநாள் வேலைக்குப் போனவள். ஆலைப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லாததால் கல்லிலும் ஏறவில்லை. தாய் சாகும்வரை ஊர் மன்றத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தாராம். ஆதாரம் கேட்டார்கள், ஆதாரம் இல்லை. அதனாலேயே மகனும் புத்தகத்தில் விட்டுவிட்டார். அந்தக் கடிதங்கள் அவர் அறையில் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன.

கிடைத்த ஒரே வேலையும் போயிற்று என்றே நினைத்தேன். "நான் உங்கள் அறைக்குள் கால் வைத்ததே இல்லை," என்றேன்.

அவர் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "தெரியும். சாவி எப்போதும் என்னிடம்தான். எழுத்தும் வேறாக இருக்கிறது," என்றார். ஆங்கிலத்தில் எடித் என்பதன் நடுவில் 'ஐ' வர வேண்டிய இடத்தில் 'வை' விழுந்திருந்தது. தாய் ஒருநாளும் அப்படி எழுதியதில்லையாம்.

பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "நீர் பசியிலை ஏதோ அடிச்சிருப்பீர்," என்றார்.

"பசியிலை ஆரும் செத்த ஆளின்ரை பேரை அடிப்பினமோ?" என்று கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தார்.

ஹார்ப்பர் என்னை நிறுத்தவில்லை. அந்த ஊர்த் தேவாலயத்துக்குக் கடிதம் போட்டார். இரண்டு மூன்று மாதம் கழித்து ஞானஸ்நானப் பதிவின் பிரதி வந்தது. அதில் 'வை'தான். கிழவர் அழுதார், சிரித்தார், பிறகு ஒரு புது பிஸ்கட் டின்னை உடைத்து என் முன்னால் வைத்தார். புத்தகத்தைப் பன்னிரண்டு பெயரோடுதான் அச்சிட்டார். காய்ச்சலில் கிடந்த அந்தச் சிநேகிதியின் மகள் புத்தகத்தை வாசித்துவிட்டு, தன் தாய் சொன்னதையெல்லாம் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பிறகு கல்லிலும் ஒரு வரி வெட்டினார்கள். அந்தப் புகைப்படத்தை ஹார்ப்பர் காட்டியபோது என் சொந்தத்துக்கே ஏதோ நல்லது நடந்ததுபோல் இருந்தது.

ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை அவர் தோட்டத்துக்குப் போன நேரம், தட்டச்சு இயந்திரத்தின் நாடாவை உருவிப் பார்த்தேன். ஒருமுறை மட்டும் பாவிக்கிற கார்பன் நாடா அது. அடித்த ஒவ்வொரு எழுத்தும் வரிசையாக அதில் பதிந்திருக்கும், தப்பாது. வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். பதினோராவது பெயர் இருந்தது. அதை ஒட்டியே அடுத்த தாளின் முதல் எழுத்து இருந்தது.