பேருக்கு ஒரு தாலி

எண்பத்தொன்றாம் வருடம், சித்திரை மாதம். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் எங்கள் ஊரை விட்டு, கரைமேல் மேற்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் மாற்றுத்துணி வைத்த ஒரு பை. பின்னால் வாழைக்கொல்லை வேலியோரம் நின்று அப்பா கத்துவது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது.

“போடா, போ! உங்க தாத்தன் ரத்தம்தானே ஓடுது? போற எடத்துல ஒருத்தியைச் சேத்துக்கிட்டு எங்களை மறந்துடு!”

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வேதாரண்யத்தில் உப்பு வாரியிருக்கிறேன். திண்டுக்கல்லில் தோல் கழுவியிருக்கிறேன். லாரியில் கிளீனராகப் பெல்லாரி வரைக்கும் போயிருக்கிறேன். எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா ஏசுவார், நானும் கேட்டுக்கொள்வேன். ஆனால் தாத்தாவை வைத்து ஏசியது அன்றுதான் உறைத்தது. ஊர் சுற்றுகிறவன் எல்லோருமே வீட்டை மறந்தவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். உப்பளத்தில் படுத்திருந்தபோது நான் மறக்கவில்லையே. அப்படியிருக்க, அந்த மனிதர் மட்டும் எப்படி மறந்தார்?

தாத்தாவைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அப்பாவுக்கு ஏழு வயது இருக்கும்போது மலாயாவுக்கு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனார். சில வருடங்கள் தகவல் வந்துகொண்டிருந்தது. யுத்தம் வந்தது, தகவல் நின்றுவிட்டது. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. அப்பா அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். அவரைப் பெற்றவள் கடைசிவரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் இறந்தபோது, பொட்டோடு எடுப்பதா அழித்துவிட்டு எடுப்பதா என்று பங்காளிகள் பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்களாம். அதற்குப் பிறகு அப்பா ஆடி அமாவாசைக்கு ஊரே ஆற்றுக்குப் போனாலும் போக மாட்டார். ஓடிப்போனவனுக்கு எள்ளும் தண்ணீரும் எதற்கு என்பார்.

நடக்க நடக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றிக் கூட்டிப் போகிறவருக்குக் கங்காணி என்று பெயர். ஒரு கங்காணி கூட்டிப் போன ஆட்கள் எல்லோரும் ஒரே தோட்டத்தில்தான் இருப்பார்கள். எங்கள் தாத்தாவைக் கூட்டிப் போன கங்காணி பக்கத்து ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். கரையிலிருந்து இறங்கி அந்த ஊருக்குப் போனேன்.

கங்காணி எப்போதோ இறந்துபோயிருந்தார். அவருடைய தம்பி மகன் களத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க பெரியப்பா கூட்டிக்கிட்டுப் போன ஆளுங்களா? அதுல ஒரு குடும்பம் திரும்பி வந்திருக்கு தம்பி. வந்து பத்து வருஷம் இருக்கும். அந்தம்மா சமயபுரத்துல சாப்பாட்டுக்கடை வச்சிருக்கு. தேர் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல, கீத்துக் கொட்டகை. வாய் ஜாஸ்தி, பாத்துப் பேசுங்க” என்றார்.

சமயபுரம் எங்கள் ஊரிலிருந்து ஒரு நடை தூரம். சின்ன வயதிலிருந்து எத்தனை முறை அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை.

தேர்த்திருவிழா முடிந்து சில நாள் ஆகியும் கூட்டம் குறையவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சனங்கள் வந்தபடி இருந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, சுற்றியிருந்த எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். நான் ஊர் பெயரைச் சொல்லி, தாத்தா பெயரையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ அவரு பேரனா?”

“ஆமாங்கம்மா.”

“உங்க தாத்தா என்னை வேண்டாம்னு சொன்ன ஆளு, தெரியுமா?” என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்க சோத்தைப் பாருங்க” என்று அவர்களை ஒரு அதட்டு அதட்டினார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தி முடியும்வரை உட்காரச் சொன்னார். சும்மா உட்காரப் பிடிக்காமல் எச்சில் இலை எடுத்துப் போட்டேன். பிறகு அவரே எனக்கும் இலை போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு, சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் தேடினான். தோட்டம் தோட்டமாக வந்து கேட்டான். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றான். சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் யாரும் வரவில்லை என்றதும் மீதிப் பேர் மறுத்தார்கள். அப்போது லாரியைக் கொண்டுவந்து பிடித்து ஏற்ற ஆரம்பித்தான்.

“எங்க தோட்டத்துல மொதல்ல தனியாளைத்தான் புடிச்சான் தம்பி. பொண்டாட்டி, புள்ள இருக்கிறவனை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டான். அது தெரிஞ்சதும் எங்க லயத்துல, அதான் கூலிக்காரங்க வீட்டு வரிசையில, கல்யாணமா நடந்துச்சு பாரு! ஒரே நாள்ல கோயில்ல நாலு தாலி. கெழவனுக்கும் கல்யாணம், கூனனுக்கும் கல்யாணம். உங்க தாத்தாவும் தனியாள்தான். எங்கப்பாவுக்கு அவரு மேல உசுரு. எம் பொண்ணைக் கட்டிக்கய்யா, சும்மா பேருக்கு ஒரு தாலி, சண்டை முடிஞ்சதும் அறுத்துப் போட்டுட்டு நீ ஊருக்குப் போயிடு, நான் எம் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கிறேன்னு காலைப் புடிக்காத குறையா கெஞ்சினாரு.”

“அதுக்கு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? ஊர்ல ஒருத்தி பொட்டு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா, பேருக்குன்னாலும் தாலி தாலிதான்னுட்டாரு.” அவர் குரல் திடீரென்று கோபமாக மாறியது. “பைத்தியக்கார மனுசன். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னைக் கட்டி வச்சாங்க. அதனால அவரை ஜப்பான்காரன் புடிச்சிக்கிட்டுப் போகலை. அவரு எங்கூட எழுபதாம் வருஷம் வரைக்கும் இருந்து, கப்பலேறி வந்து, இந்த ஊர்லதான் செத்தாரு. உங்க தாத்தாவை மறுவாரமே லாரியில ஏத்திட்டாங்க.”

நான் சோற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மெதுவாகத்தான் புரிந்தது. அங்கே ஒருத்தி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இல்லாததால்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தோட்டத்திலிருந்து போனவர்களில் சண்டை முடிந்ததும் திரும்பியது கொஞ்சம் பேர்தானாம். அவர்களும் எலும்பும் புண்ணுமாக வந்தார்களாம். அதில் ஒருவர் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில், காட்டுக்குள் ஒரு கொட்டகையில், காலரா கண்டு தாத்தா இறந்தார். அதே நாளில் இறந்த பலரோடு சேர்த்து ஒரே குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டார்கள். எந்த மாதம், எந்தக் கிழமை என்று சொன்னவருக்கும் தெரியவில்லை. அங்கே கிழமை பார்க்கிற நிலையில் யாரும் இல்லை.

“பத்து வருஷமா இங்கதானே இருக்கீங்க. ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமேம்மா?” என்று கேட்டேன்.

என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். “ரெண்டு தடவை உங்க ஊரு வரைக்கும் வந்தேன். பஸ்ஸை விட்டு எறங்கலை. உம் புருசன் மட்டும் எப்படிப் பொழைச்சாருன்னு அந்த வீட்டுல கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?” என்றார்.

அன்று சாயங்காலமே திரும்பி நடந்தேன். எங்கே போகிறோம் என்று தெரிந்து நான் நடந்தது அந்த ஒரு முறைதான். அப்பா கொல்லையில் மறுநாள் மார்க்கெட்டுக்கு அனுப்ப வாழை இலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, “என்ன, பஸ் கெடைக்கலையா?” என்று நக்கலாகக் கேட்டார். எதிரில் உட்கார்ந்து, அந்த அம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை. இலையை எடுப்பதும் அடுக்குவதும் நாரை முறுக்குவதுமாக இருந்தார். தாலி விஷயத்தைச் சொன்னபோது நார் அறுந்தது. வேறு நார் எடுத்தார். குழி வரைக்கும் சொல்லி முடித்தேன்.

கட்டி முடித்த இலைக்கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

“கட்டிக்கிட்டிருக்கலாமேடா” என்றார். “பேருக்குத்தானே? கட்டிக்கிட்டிருக்கலாமே.”

அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது இல்லை. அன்றும் அழுகை என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்குகிறவர் மாதிரி அந்த ஒரு வார்த்தையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த அமாவாசைக்கு இருவரும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போனோம். கோடைக் காவிரி, மணலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். நாவிதர் முன்னால் உட்கார்ந்து அப்பா தலையை மழித்துக்கொண்டார், மீசையையும் எடுக்கச் சொன்னார். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் விவரம் கேட்டார்.

“திதி என்ன?”

“தெரியாதுங்க.”

“மாசமாவது ஞாபகம் இருக்கோ?”

“மழைக்காலம்னு சொன்னாங்க.”

“உடம்பு?”

அப்பா என்னைப் பார்த்தார். நான்தான், கிடைக்கவில்லை, சயாமில் போய்விட்டார் என்றேன். வாத்தியார் தர்ப்பைக் கட்டை எடுத்துப் பிரித்தார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்துவிட்டு, பிறகுதான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்றார். மணலில் உட்கார்ந்து அவரே புல்லை முறுக்கித் தலை, கை, கால் என்று கட்டினார். ஒரு முழம்கூட இருக்காது.

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “சாமி, அவரு இன்னும் ஒசரம்ங்க” என்றார்.

“இதுல ஒசரம் கணக்கில்லைப்பா, பாவனைதான்” என்றார் வாத்தியார்.

“இல்லைங்க. அவரு நெலையில குனிஞ்சுதான் உள்ள வருவாரு. நல்ல ஒசரம்.”

ஐம்பது வயது தாண்டிய மனிதர், மொட்டைத் தலையோடு, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஏழு வயதுப் பையன் அண்ணாந்து பார்த்த உயரம் அது. வாத்தியார் கையிலிருந்த புல்லை எல்லாம் சேர்த்து, கால்களை நீளமாக்கிக் கட்டினார். “இப்போ சரியா இருக்கா பாருப்பா” என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். தீ வைத்ததும் காய்ந்த புல் சீக்கிரமாக எரிந்து முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் மொட்டை என்றாலே மாரியம்மனுக்குப் போட்டது என்றுதான் நினைப்பார்கள். டீக்கடைக்காரர் உற்சாகமாகக் கேட்டார்.

“என்னண்ணே, ஆத்தாளுக்கு வேண்டுதலா? மீசையையும் குடுத்துட்டீங்களே, வேண்டுதல் பெருசோ?”

“எங்கப்பா தவறிட்டாரு” என்றார் அப்பா.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய அப்பாவைப் பற்றி ஊர் பேசிய பேச்சைப் பேசியவர்களும், பேசியவர்களின் பிள்ளைகளும்தான் அங்கே இருந்தார்கள்.

“எப்பண்ணே?” என்றார் டீக்கடைக்காரர், குரலை இறக்கி.

“யுத்தத்தப்ப. சயாம்ல ரயில் ரோடு போட புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க அவருக்கு ஒருத்தரும் இல்லைன்னுதான் புடிச்சாங்க.” ‘ஒருத்தரும் இல்லை’ என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அப்பா டீயைக் குடித்து முடித்து, எனக்கு முன்னால் வீட்டை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்கு வந்து, காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மேஸ்திரி என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாளைக்கு ஒடம்பு கொதிக்கும். முடியலைன்னா சொல்லிட்டுப் போயிடுங்க, இங்க யாரும் யாரையும் புடிச்சு வைக்கிறதில்லை” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாத்தாவை ஏற்றிப் போன லாரி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு முதுகு ஒடிகிற வேலை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆனால் முடியாது என்று சொன்னால் வீட்டுக்குப் போக விடுகிற எந்த வேலையையும் கஷ்டம் என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.