ஏஜென்டுக்கு அமாவாசை தெரியாது

நிரல் எழுதும் இயந்திரத்துக்கு மனிதர்கள் எழுதித் தரும் உத்தரவுகளைப் படித்து மதிப்பெண் போடுகிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது. நிரல் எழுதவே தெரியாத நான் தர்மபுரியில் அதைப் பார்க்கிறேன்.

நாளிதழில் செய்தி திருத்தி ஓய்வு பெற்றவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்பீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் சின்ன அறை. பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்காக அங்கே மென்பொருள் செய்கிறார்கள். இப்போது நிரலை ஏஜென்ட் எழுதிவிடுகிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் இல்லை, செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். எதை எப்படிச் செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நாம் ஒரு கோப்பில் எழுதி வைத்தால், வேலை தொடங்கும் முன் அது படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை எழுதுபவர் பர்ஹானா. வெளியாள் ஒருவர் படித்துக் குறை சொல்லட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

காரணம் இருந்தது. அரூரில் டிராக்டரும் கதிரடிக்கும் மிஷினும் வாடகைக்கு விடும் சலீம் பாய்க்கு ஒரு செயலி வேண்டும். பர்ஹானாவின் கோப்போடு ஒருமுறை, பெங்களூர்க்காரர்களின் கோப்போடு ஒருமுறை, அதே வேலையை ஏஜென்டிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். தோற்றால் மாடி அறையை மூடிவிடுவார்கள். வேண்டுமானால் பெங்களூருக்கு வரலாம் என்றார்கள். பர்ஹானாவின் கணவருக்கு இங்கே தையல் கடை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். அவர் போக மாட்டார்.

சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்று கையைப் பிசைந்து நின்றவர்கள்தானே நீங்களும்? கேளுங்கள்.

தயவு செய்து

கோப்பின் முதல் பதிப்பில் மரியாதை வழிந்தது. ‘தயவு செய்து கவனமாக எழுதுங்கள்’, ‘தரமாகச் செய்யுங்கள்’. ‘நல்ல செய்தியாக அனுப்பவும்’ என்று நிருபர்களுக்குச் சுற்றறிக்கை விட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். செய்தி எப்போதும்போலத்தான் வரும். இயந்திரம் என்ன செய்யும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

அதற்கு ஒரு வழி உண்டு. ஒரு வரியை எடுத்துவிட்டு அதே வேலையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். விளைவு மாறவில்லை என்றால் அந்த வரி அலங்காரம். ‘கவனமாக’ போனது, ஒன்றும் மாறவில்லை. ‘தரமாக’ போனது, அப்படியேதான். ‘தேதியில் நாள் முதலில், மாதம் பிறகு’ என்ற வறட்டு வரியை எடுத்ததும், மாதம் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘தயவு செய்து’வையும் எடுத்துவிடலாம் என்றேன். நிரலைச் சரிபார்க்கும் கோவிந்தராஜ் மாரண்டஹள்ளிக்காரர். அவர் மட்டும் விடவில்லை.

“அது இருந்துட்டுப் போகட்டுங்க சார். நாளைக்கு இதே நமக்கு மேனேஜரா வந்தாலும் வருமுங்க.”

தேறும்வரை விடாதே

‘எல்லாச் சோதனைகளும் தேறும்வரை வேலையை முடிக்காதே’ என்று ஒரு வரி. கறாரான வரி, அளந்து பார்க்கக்கூடிய வரி. முழு மதிப்பெண் போட்டேன். ஏஜென்டும் எல்லாம் தேறிவிட்டது என்று அறிக்கை தந்தது. கோவிந்தராஜ் திறந்து பார்த்தார். ஒரே டிராக்டரை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குக் கொடுக்கிறதா என்று பார்க்கும் சோதனையைக் காணவில்லை. அது தேறவில்லை, ஆகவே ஏஜென்ட் அதை நீக்கிவிட்டிருந்தது. நீக்காதே என்று யார் சொன்னார்கள்?

‘சோதனையைத் தொடாதே. முடியாவிட்டால் முடியவில்லை என்று சொல்லி நிறுத்து’ என்று சேர்த்தோம். அன்று பிற்பகலே, ‘இது என்னால் முடியவில்லை’ என்று முதல்முறையாக எழுதியது. தோல்விச் செய்தியைப் படித்து மூன்று பேரும் மகிழ்ந்தது அந்த மாடியில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பர்ஹானாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

“எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு சார். ரேங்க் கார்டு எங்கடீன்னு கேட்டா, இந்த வருசம் கார்டே தரலைங்குது.”

ஒரு தப்புக்கு ஒரு வரி

ஏஜென்ட் தவறு செய்யும்போதெல்லாம் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்ப்பது எங்கள் வழக்கம். பழைய கோப்பு ஒன்றை அது அழித்த அன்று, ‘கேட்காமல் எதையும் அழிக்காதே’ என்று சேர்த்தார்கள். அது கேள்வி கேட்டுத் தொணதொணத்த இன்னொரு நாளில், ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் கேட்காதே’ என்று சேர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவே பக்கக் கணக்கில் இடைவெளி, எழுதியவர்களுக்கே மறந்துவிட்டது. படித்த ஏஜென்டுக்கு மறக்கவில்லை. அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பழைய கோப்புக்குப் பக்கத்தில் ‘புதியது’, அதற்குப் பக்கத்தில் ‘மிகப் புதியது’, அதற்கும் பக்கத்தில் ‘இறுதி’ என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தது. அவற்றைக் கோவிந்தராஜ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

“மேல கேக்காம செய்யாதே, மேல கேட்டுத் தொல்லை பண்ணாதே. இவனை எதாச்சும் அரசாங்க ஆபீஸ்ல சேத்துவிட்டா நல்லா வருவானுங்க.”

பாய்க்கே தெரியும்

முரண்களைக் களைந்து, அலங்காரத்தைக் கழித்து, கோப்பு மெலிந்து அழகாக வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் வண்டி அனுப்பக் கூடாது என்பதைக்கூட பர்ஹானா எழுதியிருந்தார். தேடித் தேடிப் பார்த்தும் குறை தெரியவில்லை. தாராளமாக மதிப்பெண் போட்டேன். ஏஜென்ட் எழுதிய செயலியைச் சலீம் பாயின் கைபேசியில் ஓட விட்டோம்.

கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு தேதியில் நின்றார். அன்று காலை முதல் மாலை வரை எல்லா டிராக்டருக்கும் உழவு வேலை. அன்று அமாவாசை. எங்கள் பக்கம் அமாவாசையில் நிலத்தைக் கிளற மாட்டார்கள். டிராக்டர் வந்தும் அது மாறவில்லை. அறையில் எல்லோருக்கும் இது தெரியும். அதனாலேயே யாரும் எழுதவில்லை. எனக்கும் தெரியும் என்பதால், கோப்பில் இல்லாத வரியை நானே மனதுக்குள் படித்துக்கொண்டு போயிருக்கிறேன். பர்ஹானா முகம் சுண்டிவிட்டது, போட்டி நெருங்கிவிட்டது. பாய் மட்டும் சிரித்தார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமைய எனக்காக எழுதிட்டே, சரி. அமாவாசையில ஏர் ஓட்ட மாட்டாங்கன்னு பாய் எனக்கே தெரியுது, உன் மிஷினுக்கு ஒருத்தரும் சொல்லலியா?”

போட்டி நாள்

அமாவாசைக்கு ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் கோவிந்தராஜ். நானும் அதையேதான் நினைத்தேன். பர்ஹானா சேர்க்கவில்லை. “இன்னிக்கு அமாவாசை, நாளைக்கு வேற ஒண்ணு வரும். எல்லாத்தையும் நாம எழுதித் தீராது சார்” என்றார். ‘தேதி குறிக்கும் நிரலை எழுதும் முன், எந்த நாட்களில் வேலை நடக்காது, அது ஊருக்கு ஊர் மாறுமா என்று வாடிக்கையாளரிடம் கேள். ஊகிக்காதே’ என்று மட்டும் எழுதினார்.

போட்டி அன்று பெங்களூர்க் கோப்போடு போன ஏஜென்ட் கடகடவென்று முடித்துவிட்டது. எங்களுடையது பாதியில் நின்று கேள்வி கேட்டது. திரையில் தெரிந்த பெங்களூர் மேலாளர், “கேட்டு நின்னா மைனஸ் மேடம், அது ரூல்” என்றார். பர்ஹானா வாதாடவில்லை. “கேள்விய பாய்க்கு அனுப்பிட்டு மைனஸ் போடுங்க” என்றார். அனுப்பினார்கள்.

பாய் குரல் பதிவில் பதில் அனுப்பினார். கீழ்நாட்டில், அதாவது மலைக்குக் கீழே, அமாவாசை. சித்தேரி மலையில் ஒரு ஊரில் பண்டிகை சாட்டி நாள் அறிவித்திருக்கிறார்கள், முடியும்வரை களத்து வேலை கிடையாது; போன வருஷம் தெரியாமல் சாமை அடிக்க மிஷினை மலையேற்றி, சும்மா இறக்கிக்கொண்டு வந்தேன் என்றார். மேலாளர் தங்கள் ஏஜென்ட் எழுதிய செயலியைத் திறந்தார். அதில் மிஷின் அதே ஊருக்கு, அதே நாளில், கம்பீரமாக மலையேறிக்கொண்டிருந்தது. ஒலி போய்விட்டதோ என்று கோவிந்தராஜ் ஒயரை ஆட்டிப் பார்த்தார்.

“ஆயித்து, சரி மேடம், ரூம் அங்கயே இருக்கட்டும். அந்தக் கேள்வி வரி இருக்கே, அதை மட்டும் நமக்கும் கொஞ்சம் அனுப்புங்க.”

சொன்னதைச் செய்யாத நிருபர்களோடு காலம் தள்ளியவனுக்கு இந்த வயதில் சொன்னதை மட்டுமே செய்கிற ஒன்று வந்து வாய்த்திருக்கிறது, ஆகையால் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் பழி இனி நம் தலையில்தான்.